அழுகைக்கு மூன்று வோல்ட்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து என் வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "ங்ஙா... ங்ஙா..." என்று அழுதுகொண்டிருந்தேன்.

"யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலங்க. டெஸ்ட் பண்றேன்."

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கிளம்பி என் மணிக்கட்டுக்கு வந்திருந்தது. மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை. நான் அழும்போதெல்லாம் அந்தப் பட்டை 'விர்ர்...' என்று துடித்தது. அழுகையை நிறுத்தினால் அதுவும் நின்றது.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "குழம்பு ஆறிரும்... அழுது முடிச்சிட்டுச் சொல்லு, வாரேன்" என்று கைகழுவப் போய்விட்டார். இந்த மனிதரை அரை நிமிஷத்துக்கு மேல் ஆச்சரியப்படுத்த என்னால் முடிவதில்லை!

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். அப்புறம் விருதுநகர் பஜாரில் பருப்பும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தேன். நகை, பாத்திரத்தோடு ஒரு சால்டரிங் அயர்னையும் எடுத்து வந்த மருமகள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான். நகையை லாக்கரில் வைத்துவிட்டேன். சால்டரிங் அயர்ன் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

சரி, எதற்காக ஒரு சோப்பு டப்பா முன்னால் அழ வேண்டும்?

எங்கள் கடைக்கு லோடு கொண்டுவரும் மினி வேன் டிரைவர் கருப்பசாமி. சிவகாசி பக்கத்தில் விஸ்வநத்தம்தான் ஊர். லோடை இறக்கினோமா, வண்டியை எடுத்தோமா என்று போகிறவர். அதிகம் பேசமாட்டார். அப்படிப்பட்டவர் ஒருநாள் லோடு இறக்கிய பிறகும் போகாமல் கடை வாசலில் நின்றார். கையில் எண்ணெய் படிந்த ஒரு பேப்பர். வடை மடித்துக் கொடுத்த பேப்பராம். பிரித்துப் பார்த்தால் நான் எழுதியது! காது மந்தமான பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக, காலிங் பெல் அடித்தால் விளக்கு எரிகிற மாதிரி செய்து கொடுத்ததைப் பற்றி எப்போதோ எழுதியிருந்தேன். வடை வழியாகவும் வாசகர்கள் வருகிறார்கள்... வரட்டும்.

"அக்கா, பெல் அடிச்சா லைட்டு எரியுற மாதிரி செஞ்சீகளாம்ல... பிள்ளை அழுதா தெரியுற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுமா?"

"யாருக்குத் தெரியணும்?"

"அதோட அம்மாவுக்கு" என்றார்.

அவர் மனைவி பாண்டீஸ்வரி. பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் வேலை செய்த அறைக்கு அடுத்த அறை வெடித்தது. அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. காது மட்டும் போய்விட்டது. இரண்டு காதும். நரம்பே போய்விட்டதால் மிஷின் வைத்தாலும் கேட்காது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் குழந்தை. பெண் குழந்தை. பெயர் தர்ஷினி.

"பிள்ளை இப்ப எங்க அக்கா வீட்ல இருக்கு. அடுத்த தெருதான். 'காது கேக்காதவகிட்ட பிள்ளைய எப்படிடா விடுறது'ங்குது அக்கா. அது சொல்றதும் நெசம்தான்... நான் விடியுமுன்னே வண்டிய எடுத்துட்டுப் போயிருதேன். இவ அங்கன போயி பால் குடுத்துட்டு, குடுத்துட்டு வாரா."

வேன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே அவர் வேனில் விஸ்வநத்தம் போனேன்.

அந்தப் பக்கம் வெயில் காலத்தில் போயிருக்கிறீர்களா? சாலையின் இரண்டு பக்கமும் கண் கூசும் வெளிச்சம். கருவேல மரங்கள் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோய் நிற்கும். நடுநடுவே காயப்போட்ட காகிதக் குழாய்கள்... சிவப்பு, பச்சை, ரோஸ் என்று தரையெல்லாம் நிறம். வேலை முடிந்து வரும் பெண்களின் முழங்கை வரை வெள்ளி மினுங்கும். அலுமினியப் பொடி. எதிர் வெயிலில் அவர்கள் நடந்து வரும்போது, ஏதோ கனவுக்குள்ளிருந்து இறங்கி வருகிறவர்கள் போலிருக்கும். அருகில் வந்ததும் அசதி தெரியும்.

பாண்டீஸ்வரி வாசலிலேயே நின்றாள். "வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீக" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்தும் கொஞ்சம் தட்டையாகவும் இருந்தது. தன் குரலைத் தானே கேட்க முடியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் நாம் பேசுவதை உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுகிறாள்.

"சில வார்த்தைதான் குழப்பும்க்கா. பாப்பான்னாலும் மாமான்னாலும் உதடு ஒரே மாதிரித்தான் ஒட்டும். அன்னைக்கு இவரு 'பாப்பா முழிச்சிருச்சு'ன்னாரு. நான் மாமா வந்திருக்காகன்னு நெனச்சு, காப்பி போட்டுட்டேன்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தாள். அந்த ஒற்றை அறை வீட்டின் நடுவே உத்திரத்திலிருந்து ஒரு தொட்டில் தொங்கியது. சேலைத் தொட்டில். காலியாக இருந்தது.

"இவரு குரல் எனக்குத் தெரியும்க்கா. காது போறதுக்கு முந்தி கேட்டிருக்கேன். இன்னமும் மனசுக்குள்ள இருக்கு. இவ குரல்தான் தெரியாது. எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாப்பேன்... ஒண்ணும் வராது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கருப்பசாமியின் அக்கா வந்தார். பெயர் வெள்ளத்தாய். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பிள்ளை இல்லாதவர், கணவரும் இல்லை. குழந்தையை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இந்தப் பெண்மணி யாரிடமிருந்தும் எதையும் பறிக்க வந்தவர் இல்லை. பயந்துபோனவர். அவ்வளவுதான். கொஞ்சம் ஆசையும்கூட.

நான் திட்டத்தைச் சொன்னேன். தொட்டில் பக்கத்தில் ஒரு டப்பா தொங்கும். அதில் சின்ன மைக் இருக்கும். அறை முழுக்க நடமாடும் நீளத்துக்கு ஒரு ஒயரும். பிள்ளை அழுதால் பாண்டீஸ்வரி கையில் கட்டியிருக்கும் பட்டை துடிக்கும். பழைய செல்போனில் வைப்ரேட் ஆகுமே, அதே குட்டி மோட்டார்தான்.

வெள்ளத்தாய் கேட்ட முதல் கேள்வி: "சூடாகுமா? பொறி கிறி பறக்குமா?"

வேறு ஊரில் யாரும் இதை முதலில் கேட்கமாட்டார்கள். இந்த ஊரில் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

"டார்ச் லைட்ல போடுற பென்சில் செல்தான் போடப்போறேன். கரன்ட்ல சொருகவே வேண்டாம்" என்றேன்.

'இதுக்கெல்லாம் மொபைல்ல ஆப் இருக்கே மேடம்' என்று உங்களில் யாரோ இப்போதே கேட்கத் தொடங்கியிருப்பீர்கள். இருக்கிறது. அந்த மொபைல் கருப்பசாமியோடு வேனில் போய்விடுகிறது. வீட்டில் இருப்பது ஒரு பட்டன் போன். அதுவும் காது கேட்காதவளுக்கு எதற்கு என்று அலமாரியில் கிடக்கிறது.

அப்படிப் பிறந்ததுதான் அந்தச் சோப்பு டப்பா. என் மேஜையில் அது பிரமாதமாக வேலை செய்தது. நான் அழுதால் துடித்தது. என் வீட்டுக்காரர் தும்மினால் துடித்தது. மகிழ்ச்சியோடு கொண்டுபோய்த் தொட்டிலில் மாட்டினேன். வெள்ளத்தாய் குழந்தையைக் கொண்டுவந்து போட்டார். பாண்டீஸ்வரி கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரு புது வளையலைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் காபி குடித்துவிட்டு பஸ் ஏறினேன். பஸ் ஜன்னலில் காற்று. மனதில் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பு... கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கருப்பசாமி கடைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் சோப்பு டப்பா.

நான் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பிள்ளை ஒரு தரம் சிணுங்கியிருக்கிறது. பட்டை துடித்தது. பாண்டீஸ்வரி ஓடிப்போய் ஆட்டிவிட்டாள், பிள்ளை தூங்கிவிட்டது. ஆனால் பட்டை நிற்கவில்லை! நின்று நின்று மறுபடி துடித்தது. ஒவ்வொரு தரமும் இவள் ஓடினாள். ஒவ்வொரு தரமும் பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் முழுக்க இப்படியே ஓடியிருக்கிறாள்.

அது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம்.

சாயங்காலம் பட்டை அடங்கிவிட்டது. அப்பாடா என்று பாண்டீஸ்வரி தொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அப்போதுதான் குழந்தை உண்மையாகவே அழுதிருக்கிறது. பட்டை அசையவில்லை. செல்லில் இருந்த சக்தியெல்லாம் வெறும் துடிப்பிலேயே தீர்ந்துபோயிருந்தது. அழுகை சத்தம் தெருவைத் தாண்டி வெள்ளத்தாய் வீட்டுக்குக் கேட்டது. அவர் ஓடி வந்து பார்த்தபோது பிள்ளை அழுது அழுது மூச்சடைத்து, முகம் கறுத்துக் கிடந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு இப்ப ஒண்ணுமில்லக்கா. எங்க அக்கா தூக்கிட்டுப் போயிருச்சு. 'இன்னொருக்கா வேணா பாக்குறேன். அதுவும் இப்படி ஆச்சுன்னா, பிள்ளை பள்ளிக்கூடம் போற வரைக்கும் எங்கிட்டத்தான் இருக்கும்'னு சொல்லிருச்சு."

"பாண்டீஸ்வரி என்ன சொன்னா?"

அவர் மஞ்சப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"'அந்த மிசினும் என்னைய மாதிரியே ஆயிருச்சு'ன்னா. உங்க மேல வருத்தம் இல்லைன்னு சொல்லச் சொன்னா."



தப்பு எங்கே? என் மேஜையில் ஏன் சரியாக வேலை செய்தது? மறுநாள் மத்தியானம் மாடி அறையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. பஜாரிலிருந்து வத்தல் நெடி மெதுவாக ஏறி வந்தது. தலைக்கு மேலே ஃபேன் தூக்கக் கலக்கத்தில் சுற்றுவது போலச் சுற்றியது. கீழே வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். ஃபேன் ஒரு கணம் தளர்ந்தது. பிறகு மறுபடி எழுந்தது.

அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வீட்டில் சோதித்தபோது நான் பென்சில் செல் போடவே இல்லை. மேஜையில் இருந்த அடாப்டரில் சொருகியிருந்தேன். அடாப்டர் தாராளமாகக் கொடுக்கும். செல் அப்படி இல்லை. கையிலிருக்கும் மோட்டார் சுற்றத் தொடங்கியதும் அது கரன்டைச் சட்டென்று உறிஞ்சுகிறது. செல்லின் வோல்டேஜ் ஒரு கணம் கீழே இறங்குகிறது. அதே செல்லில்தான் மைக்கும் இருக்கிறது. எது சத்தம், எது சத்தமில்லை என்று அது கணக்குப் போடுவதே அந்த வோல்டேஜை நம்பித்தான். அது ஆடினால் கணக்கும் ஆடுகிறது. மோட்டார் நின்று, வோல்டேஜ் மறுபடி மேலே வரும்போது ஏற்படும் குலுக்கலை, மைக் போர்டு குழந்தையின் அழுகை என்று நினைத்துக்கொள்கிறது. மறுபடி மோட்டாரைத் தட்டுகிறது. மோட்டார் மறுபடி குலுக்குகிறது...

அதாவது, டப்பா தன் நடுக்கத்தையே குழந்தையின் குரல் என்று எடுத்துக்கொண்டு, மத்தியானம் முழுக்கத் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பயந்த மனசும் இப்படித்தானே? வெளியே ஒன்றுமே இருக்காது. உள்ளே மட்டும் ஓயாத சத்தம்.

மருந்து சின்னதுதான். மைக்குக்கென்று தனியாக ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர். பழைய உதிரி பாகங்கள் கிடக்கும் டப்பாவைக் கிளறினேன். ஒரு ரெசிஸ்டர், ஒரு ஸீனர் டையோடு, ஒரு சாதாரண டிரான்சிஸ்டர், இரண்டு கெபாசிட்டர். அவ்வளவே. எல்லாம் சேர்த்து ஒரு புளியங்கொட்டை மேல் உட்கார்ந்துவிடும்.

ஸீனர் டையோடு ஒரு பிடிவாதக்காரன். தனக்கென்று எழுதியிருக்கும் வோல்டேஜுக்கு மேல் போனால், மிச்சத்தைத் தன் வழியாகத் தரையில் விட்டுவிடும். நான் எடுத்தது மூன்று புள்ளி ஆறு வோல்ட் ஸீனர். அதை டிரான்சிஸ்டரின் நடுக்காலில் பிடித்துக் கட்டினால், டிரான்சிஸ்டர் தன் பங்குக்குப் புள்ளி ஆறை எடுத்துக்கொண்டு மறுபக்கம் மூன்று வோல்ட்டைக் கொடுக்கும். நான்கு செல்லும் புதிதாக ஆறு வோல்ட் தந்தாலும் மூன்றுதான். செல் பழசாகி ஐந்துக்கு இறங்கினாலும் மூன்றுதான். மோட்டாருக்கு மட்டும் செல்லிலிருந்து நேராகத் தனிப் பாதை. அது எவ்வளவு வேண்டுமானாலும் குலுக்கிக்கொள்ளட்டும். கெபாசிட்டர் இரண்டும் மிச்சமிருக்கும் சின்னச் சின்ன அலைகளை விழுங்கிவிடும்.

பென்சில் செல்லைப் போட்டேன். இந்தத் தடவை அடாப்டர் பக்கமே போகவில்லை. மல்டிமீட்டரை வைத்தேன். மூன்று. மோட்டாரை ஓடவிட்டேன். மூன்று. நிறுத்தினேன். மூன்று. டிவி ரிமோட்டிலும் டார்ச்சிலும் சுவர்க் கடிகாரத்திலும் இருந்த பழைய செல்களைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அந்த எண் அசையவில்லை. காற்றில்லாத கண்மாயைக் கரையிலிருந்து பார்ப்பது போல, அதைப் பார்த்தபடியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வாழ்க்கையில் இப்படி அசையாமல் நிற்கிற ஒன்றைக் கடைசியாக எப்போது பார்த்தேன்? யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"கடிகாரம் நின்னு போச்சே!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

இன்னொரு காரியமும் செய்தேன். செல் நன்றாக இருக்கும்வரை எரிந்து, தீரப்போகும்போது அணைந்துவிடுகிற ஒரு பச்சை விளக்கை டப்பாவின் முகத்தில் வைத்தேன். விளக்கு அணைந்தால் செல்லை மாற்ற வேண்டும். பாண்டீஸ்வரிக்குக் காதுதான் இல்லை. அவள் கண் எதையும் விடாது.

மறுபடி விஸ்வநத்தம். இந்தத் தடவை காபியைக் குடித்துவிட்டு ஓடிவரும் எண்ணம் இல்லை. சாயங்காலம் வரை இருப்பது என்று கருப்பசாமியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பாண்டீஸ்வரி டப்பாவைப் பார்த்தாள். பட்டையை வாங்கவில்லை.

"பயமா இருக்குக்கா" என்றாள். "அன்னைக்கு அவ முகம் கறுத்துக் கெடந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு."

நான் அவள் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்: "இன்னைக்கு நான் இங்கதான் இருக்கேன். என் காது இருக்கு. தப்பாப் போச்சுன்னா நான் சொல்றேன்."

அவள் கையை நீட்டினாள். நான் கட்டிவிட்டேன்.

வெள்ளத்தாய் தொட்டிலில் குழந்தையைப் போட்டுவிட்டு, என்னை நம்பாமல் அவரே சோதனையைத் தொடங்கினார். பாண்டீஸ்வரி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்க, இவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் ஒரு தம்ளரைத் தட்டில் தட்டினார். பாண்டீஸ்வரி திரும்பினாள். சும்மா நின்றார். அவள் திரும்பவில்லை. மறுபடி தட்டினார். திரும்பினாள். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே செய்யாமல் நின்றார். நான் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருமுறைகூடத் துடிக்கவில்லை. பச்சை விளக்கு மட்டும் அமைதியாக எரிந்தது.

"ம்..." என்றார் வெள்ளத்தாய்.

மத்தியானம் ஆனது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தூரத்தில் எங்கோ சரம் ஒன்றைக் கொளுத்திச் சோதித்துப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது, 'படபட' என்று ஒலித்து அடங்கியது. பாண்டீஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெள்ளத்தாய் கதவில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். எனக்கும் கண் சொருகியது. வெளிச்சமும் நிழலும் தொட்டில் சேலையில் மெல்ல ஆடின... வீடே தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தோன்றியது. பாண்டீஸ்வரியின் உலகம் எப்போதுமே இப்படித்தான் இருக்குமோ?

அப்போதுதான் குழந்தை அழுதது. சிணுங்கல் இல்லை. வயிற்றிலிருந்து வரும் பசி அழுகை.

வெள்ளத்தாய் திடுக்கிட்டு விழித்தார். எழுவதற்குக் கையைத் தரையில் ஊன்றினார். ஆனால் அதற்குள் பாண்டீஸ்வரி தொட்டிலருகே நின்றாள்! கையெல்லாம் அரிசி கழுவிய தண்ணீர். பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மணிக்கட்டிலிருந்து தொட்டில் வரை ஒயர் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்ததால் பட்டையும் துடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள் பாண்டீஸ்வரி.

"இம்புட்டு சத்தமாவா அழுவா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும் பட்டை நின்றது. நின்றது நின்றதுதான். மறுபடி துடிக்கவில்லை.

வெள்ளத்தாய் வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் குழந்தையின் துணிகள், பவுடர், ஒரு கிலுகிலுப்பை, சின்னத் தலையணை. எல்லாவற்றையும் தொட்டிலுக்குக் கீழே ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"ராத்திரி ஒருக்கா முழிப்பா. பால் குடுத்துட்டுத் தோள்ல போட்டுத் தட்டு. ஏப்பம் விடாமப் படுக்கப் போட்டுறாத" என்றார், பாண்டீஸ்வரிக்குத் தெரிகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக.

"சரி மதினி."

"நான் வாரேன்."

அவர் தெருவில் இறங்கி நடப்பதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். கைகள் இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி தொங்கின. இத்தனை மாதமாக அந்தக் கைகளில் ஒரு பிள்ளை இருந்தது. ஒரு சர்க்கியூட்டைச் சரிசெய்த சந்தோஷத்தில் அதுவரை இதை நான் யோசிக்கவே இல்லை.

சில நாள் கழித்து கருப்பசாமி பாண்டீஸ்வரியையும் குழந்தையையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். என் வீட்டுக்காரர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பருப்பு மார்க்கெட் நிலவரத்தை அதற்கு விளக்கிக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது ரெண்டு மாதிரி துடிக்குது."

மறுபடி வோல்டேஜா? "என்ன மாதிரி?"

"இவ அழுதா, 'விர்ர்ர்'னு நீளமாத் துடிக்குது. மத்தியானத்துல தூங்கி முழிச்சா அப்படி இல்ல. விட்டு விட்டு, பொசுக்கு பொசுக்குன்னு. கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி. மொதல்ல நானும் மிசின் கெட்டுப்போச்சோன்னு ஓடிப் போயிப் பாத்தேன்... தொட்டிலுக்குள்ள படுத்துக்கிட்டு, சேலையில ஆடுற வெளிச்சத்தப் பாத்து இவ தானாச் சிரிச்சிக்கிட்டுக் கெடக்கா!"

டப்பாவைச் செய்தபோது அழுகையை மட்டும்தான் நினைத்தேன். ஆபத்து, பசி, பயம். குழந்தையின் குரலில் அது மட்டும்தானா இருக்கிறது? மைக்குக்கு அழுகையும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. சத்தம் வந்தால் தட்டும். அவ்வளவுதான். நீளமாக வந்தால் நீளமாக, துண்டு துண்டாக வந்தால் துண்டு துண்டாக.

ஆனாலும் எனக்குள் இருக்கும் பாலிடெக்னிக் மாணவி சும்மா இருப்பாளா? "அப்ப சின்னச் சத்தத்துக்குத் துடிக்காத மாதிரி கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்திரவா? அழுதா மட்டும் தெரியும். உனக்கு வீண் அலைச்சல் இருக்காது" என்றேன்.

பாண்டீஸ்வரி பட்டை கட்டியிருந்த கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. அதுல கை வச்சிராதீக."

வைக்கவில்லை.

போகும்போது வேனில் ஏறி உட்கார்ந்த கருப்பசாமி, ஸ்டார்ட் செய்யாமல் தயங்கினார். எதையோ சொல்ல வந்து, சிரித்து, பிறகு சொன்னார்.

"எங்க அக்கா ஒரு விசயம் கேக்கச் சொல்லுச்சு. மத்தியானம் ஆனா அது எங்க வீட்டுக்கு வந்துருது. இவகிட்டருந்து அந்தப் பட்டைய வாங்கித் தன் கையில கட்டிக்கிட்டுக் கண்ண மூடி உக்காந்துக்கிடுது. நல்லாக் காது கேக்குற ஆளுதான்! ஏன்னு கேட்டா, 'போடா'ங்குது."

"சரி, என்ன கேட்கச் சொன்னாங்க?"

"அடுத்த தெருவுல இருக்குற அது வீடு வரைக்கும் ஒரு ஒயரு இழுக்க முடியுமான்னு கேக்குது. 'ராத்திரியில பிள்ளை முழிச்சா எனக்கும் தெரியணும். எம்புட்டு ஒயர் வேணும்னாலும் நான் வாங்கித் தாரேன்'னு சொல்லச் சொல்லுச்சு."

வேன் போய்விட்டது. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஒயர் நீளமாக நீளமாக வோல்டேஜ் குறைந்துகொண்டே போகும்... அதற்கும் ஏதாவது வழி இல்லாமலா போய்விடும்?